காலை டீயா, வார ஊசியா? எடை குறைக்கும் மருந்து தொடங்குவோருக்கு

"ஊசின்னா எனக்குப் பயம், மாத்திரையா எழுதிக் குடுங்க டாக்டர்." பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பேனா வடிவத்தில் மருந்து அடைத்து வரும் பென்னில் மாட்டும் ஊசி நாலு மில்லிமீட்டர் நீளம்தான், எறும்புக்கடி அளவுக்குக்கூட வலிக்காது. அந்தப் பயம் இரண்டாவது வாரத்தில் போய்விடும். போகாதது வேறொன்று. விடியற்காலை எழுந்ததும் அரை மணி நேரம் டீ குடிக்காமல் இருக்க முடியுமா? மாத்திரையா ஊசியா என்பதை மதுரையில் பெரும்பாலும் அந்த டீ கிளாஸ்தான் தீர்மானிக்கிறது. அடுத்த இடம் ஃப்ரிட்ஜுக்கு.

எந்தெந்த மருந்து

மருந்துக் கடையில் அடிபடும் பெயர்கள் மூன்று. செமாக்ளூடைடு ஊசியாக வந்தால் ஒசெம்பிக், வீகோவி. மாத்திரையாக வந்தால் ரைபெல்சஸ். டிர்செபடைடு என்பது மௌஞ்சாரோ, வாரம் ஒருமுறை ஊசி. லிராக்ளூடைடு தினமும் போட வேண்டிய பழைய ஊசி, அதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் குறைந்துவிட்டார்கள். சாப்பிட்டதும் குடலில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலவே இவை வேலை செய்கின்றன. டிர்செபடைடு கூடவே ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் பார்க்கும். வயிறு மெதுவாகக் காலியாகும், "போதும்" என்ற உணர்வு சீக்கிரம் வரும். கொழுப்பைக் கரைக்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பசியைக் குறைக்கும் மருந்து, அவ்வளவுதான்.

ரைபெல்சஸ் இந்தியாவுக்கு 2022-இல் வந்தது. அதற்குக் கிடைத்த அனுமதி டைப் 2 சர்க்கரை நோய்க்கு. சர்க்கரை இல்லாதவருக்கு எடைக்காக எழுதினால், அது அனுமதிக்கு வெளியே டாக்டர் தன் பொறுப்பில் எழுதுவது. அதை நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், தப்பில்லை. மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி ஜூனிலும் இங்கே விற்பனைக்கு வந்தன. எடைக்கென்றே செய்த 25 மி.கி. வீகோவி மாத்திரைக்கு அமெரிக்காவில் 2025 டிசம்பரில் அனுமதி கிடைத்தது.

எவ்வளவு குறையும்? பெரிய ஆய்வுகளின் சராசரி இது. டிர்செபடைடு 15 மி.கி. ஊசியில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். செமாக்ளூடைடு 2.4 மி.கி. ஊசியில் 68 வாரத்தில் 14.9 சதவீதம். 25 மி.கி. மாத்திரையில் 64 வாரத்தில் 13.6 சதவீதம். ரைபெல்சஸ் 14 மி.கி.யில் சர்க்கரை நோயாளிகளுக்குக் குறைந்தது சுமார் 4 கிலோ. 90 கிலோ உள்ளவருக்கு முதலாவது ஏறக்குறைய 19 கிலோ, இரண்டாவது 13 கிலோ. சராசரி என்பதால் உங்களுக்கு இதில் பாதியும் ஆகலாம், கூடவும் ஆகலாம்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. "ஊசியில 1 மி.கி., மாத்திரையில 14 மி.கி., அப்போ மாத்திரைதானே பவர் ஜாஸ்தி?" கணக்கு அப்படி இல்லை. விழுங்கும் செமாக்ளூடைடில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது, மற்றதெல்லாம் வயிற்றிலேயே சிதைந்து வீணாகிறது. தினம் 14 மி.கி. என்றால் வாரத்துக்கு 98 மி.கி.; அதில் உடம்பில் சேர்வது ஒரு மில்லிகிராம் சுற்றி. அந்த நூற்றில் ஒன்றும் சேர வேண்டுமென்றால் விழுங்கும் முறை துல்லியமாக இருக்க வேண்டும்.

கொழுப்பு ஜீரணத்தைத் தடுக்கும் ஆர்லிஸ்டாட் மாத்திரையும் கடையில் உண்டு. 120 மி.கி., கொழுப்புள்ள சாப்பாட்டோடு மூன்று வேளை. சராசரியாகக் குறைவது சில கிலோ மட்டும். சால்னாவோடு பரோட்டாவை வெட்டிவிட்டு இதைப் போட்டால் எண்ணெய் அப்படியே மலத்தில் வெளியேறும், பல சமயம் முன்னறிவிப்பு இல்லாமல். வெள்ளை வேட்டிக்காரர்கள் யோசித்துக்கொள்ளவும். சந்தையில் "மூலிகை ஸ்லிம்மிங் பவுடர்" என்று விற்கும் சமாச்சாரம் எதையும் தொடாதீர்கள். இதயத்துக்கு ஆபத்து என்று 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட சிபுட்ராமைன் இப்படிப்பட்ட பொடிகளில் கலந்து பிடிபடுவது உலகம் முழுக்க நடக்கிறது.

தொடங்கும் முன்

எடையை உயரத்தால் அளக்கும் பி.எம்.ஐ. 30-க்கு மேல் இருந்தாலோ, 27-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, பிபி, கொழுப்பு, தூக்கத்தில் மூச்சுத் தடை போன்ற ஒன்று இருந்தாலோதான் இந்த ஊசிகள். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 27 என்பது 69 கிலோ, 30 என்பது 77 கிலோ. கல்யாணத்துக்கு முன் நாலு கிலோ இறக்க இது மருந்து இல்லை.

பார்க்க வேண்டியது ஹார்மோன் மருத்துவரான எண்டோகிரைனாலஜிஸ்டை, அல்லது எம்.டி. பொது மருத்துவரை. வசதி குறைவென்றால் கோரிப்பாளையம் பக்கம் உள்ள அரசு ராஜாஜி மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் ரத்தப் பரிசோதனைகளையும் ஆலோசனையையும் முடித்துவிட்டு, மருந்து என்ன விலை என்பதை அப்புறம் யோசிக்கலாம். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல், தைராய்டு, கொழுப்பு ஆகிய பரிசோதனைகள் வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் விழித்திரைப் பரிசோதனையும் செய்தாக வேண்டும். செமாக்ளூடைடு தொடங்கிச் சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது, ஏற்கெனவே இருக்கும் விழித்திரைக் கோளாறு மோசமாகலாம். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை: குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் வந்திருந்தால், உங்களுக்கு முன்பு கணைய அழற்சி வந்திருந்தால், பித்தப்பையில் கல் இருந்தால், குழந்தைக்குத் திட்டமிட்டால். செமாக்ளூடைடைக் கருத்தரிக்க முயலும் முன் இரண்டு மாதம் நிறுத்த வேண்டும். டிர்செபடைடு எடுக்கும்போது கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். தொடங்கிய முதல் நாலு வாரமும், டோஸ் கூட்டும் ஒவ்வொரு முறையும் நாலு வாரமும் ஆணுறை போன்ற வேறு தடுப்பு வேண்டும். இன்சுலினோ, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் அவற்றின் அளவைக் குறைக்காமல் இதைச் சேர்த்தால் லோ சுகர் ஆகிவிடும்.

மாத்திரை: அரை மணி நேரத்தின் கதை

ரைபெல்சஸில் மருந்தோடு ஸ்நாக் (SNAC) என்ற துணைப்பொருள் இருக்கிறது. மாத்திரை வயிற்றுச் சுவரில் படிந்து கரையும்போது, அந்த இடத்தில் மட்டும் அமிலத்தைத் தணித்து மருந்தை உள்ளே கடத்துவது அதன் வேலை. வயிற்றில் வேறு எதுவாவது இருந்தால் அது கெடும். அதனால்தான் இந்தக் கறார்:

1. எழுந்ததும், எதுவும் வாயில் போடும் முன், பட்டையிலிருந்து அப்போதே பிரித்த ஒரு மாத்திரை. முன்கூட்டிப் பிரித்து டப்பாவில் போட்டு வைத்தால் காற்றின் ஈரத்தில் கெடும்.
2. வெறும் தண்ணீர் 120 மி.லி.க்கு மிகாமல். இருமல் மருந்தின் அளவு மூடியால் ஒருமுறை அளந்து, ஒரு டம்ளரில் பெர்மனென்ட் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.
3. முழுதாக விழுங்க வேண்டும். உடைக்கவோ கடிக்கவோ கூடாது. 7 மி.கி. இரண்டைப் போட்டு 14 ஆக்குவதும் கூடாது.
4. கடிகாரத்தில் முப்பது நிமிடம். டீ, காபி, கூடுதல் தண்ணீர், வேறு மாத்திரை, வெற்றிலைபாக்கு எதுவும் இல்லை.

நம் ஊரில் இது தோற்கும் இடம் இரண்டாவது படி. "எழுந்ததும் ஒரு சொம்பு தண்ணி குடிச்சாத்தான் வயிறு சுத்தமாகும்" என்று பழகியவர்கள் மாத்திரையையும் அந்தச் சொம்போடு விழுங்குகிறார்கள். மருந்து நீர்த்துப்போய், "மூணு மாசமா போடுறேன், ஒண்ணும் குறையல" என்கிறார்கள். குறை மாத்திரையில் இல்லை, சொம்பில். சொம்புத் தண்ணீரை அரை மணி கழித்துக் குடிக்கலாம்.

அடுத்த சிக்கல் தைராய்டு மாத்திரை. அதுவும் வெறும் வயிற்றில்தான். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. ரைபெல்சஸ் போட்டு அரை மணி கழித்துத் தைராய்டு, பிறகு இன்னொரு அரை மணி கழித்து டீ என்றால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அது நடக்காது என்று தோன்றினால், இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் தைராய்டு மாத்திரையைப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். செமாக்ளூடைடு மாத்திரையோடு, தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்ஸின் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்வதால், சில வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்ப்பது அவசியம்.

டோஸ் முதல் மாதம் 3 மி.கி., அடுத்த மாதம் 7, தேவைப்பட்டால் பிறகு 14. முதல் மாத 3 மி.கி. வயிறு பழகுவதற்கு மட்டும். அந்த மாதத்தில் எடை அசையவில்லை என்று விட்டுவிடுபவர்கள் நிறைய.

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்கு நள்ளிரவு தாண்டி லோடு இறக்கப் போகிறவர், டவுன் பஸ் முதல் டிரிப் ஓட்டுநர், பூக்கட்டுபவர் போன்ற, தினம் வெவ்வேறு நேரத்துக்கு எழுந்து வழியெல்லாம் டீ குடிப்பவர்களுக்கு மாத்திரை ஒத்துவராது. நேரத்துக்கு எழுந்து நடைப்பயிற்சி போய் வந்துதான் காபி என்று இருப்பவர்களுக்கு நன்றாகவே பொருந்தும். மாத்திரையைப் போட்டுவிட்டு நடக்கக் கிளம்பலாம், திரும்புவதற்குள் அரை மணி ஆகியிருக்கும்.

ஊசி: வாரத்தில் ஐந்து நிமிடம்

வீகோவி தொடங்குவது 0.25 மி.கி.யில். நாலு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7, 2.4 என்று ஏறும். மௌஞ்சாரோ 2.5-இல் தொடங்கி 5, தேவையானால் இரண்டரை இரண்டரையாக 15 வரை. ஒவ்வொரு படியிலும் குறைந்தது நாலு வாரம். படியைத் தாண்டிக் குதித்தால் வாந்தி நிச்சயம்.

போடும் இடம் வயிறு, தொடை, மேற்கையின் பின்புறம். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள். வாரா வாரம் இடம் மாற்றுங்கள், ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்துக் கட்டி விழும். பென்னை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் எரிச்சல் குறையும். புது ஊசியை நேராகத் திருகி மாட்டி, பென்னோடு வந்த தாளில் சொன்னபடி முனையில் ஒரு துளி வருகிறதா என்று பாருங்கள். துளி வராமல் போட்டால் மருந்து உள்ளே போனதா என்றே தெரியாது. பொத்தானை அழுத்தியபின் மனதுக்குள் ஆறு எண்ணி, பிறகு வெளியே எடுங்கள். "ஊசி போட்ட இடத்துல ஒரு சொட்டு வழிஞ்சிருச்சு" என்பவர்கள் பெரும்பாலும் எண்ணாதவர்கள். ஊசியைக் கழற்றிவிட்டு மூடுங்கள். மாட்டியபடியே வைத்தால் மருந்து கசியும், காற்று புகும்.

சிறு குப்பியில் வரும் மருந்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. மௌஞ்சாரோ குப்பி ஒன்றில் ஒரு டோஸ், அளவு 0.5 மி.லி. அதை இன்சுலின் சிரிஞ்சில் எடுக்கச் சொல்வார்கள். நம் மருந்துக் கடையில் இன்சுலின் சிரிஞ்ச் இரண்டு வகை: சிவப்பு மூடி 40 யூனிட், ஆரஞ்சு மூடி 100 யூனிட். இரண்டிலும் முழு சிரிஞ்ச் ஒரு மி.லி.தான், கோடுகள்தான் வேறு. அரை மி.லி. என்பது ஆரஞ்சில் 50-ஆவது கோடு, சிவப்பில் 20-ஆவது கோடு. அம்மாவுக்கு வாங்கிய சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்துக்கொண்டு, "50 யூனிட்" என்று யாரோ சொன்னதை நினைத்து அதில் 50-ஐத் தேடினால் கோடு 40-இலேயே முடிந்துவிடும். சரி, இருப்பதை முழுக்க இழுப்போம் என்று ஆரம்பித்தால் வினை. கடையில் "ஹண்ட்ரட் யூனிட், ஆரஞ்சு கேப்" என்று சொல்லியே வாங்குங்கள். வேறு கம்பெனிக் குப்பியில் ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. என்பது மாறும். பழைய கோடு புதிய குப்பிக்குச் செல்லாது.

பென்னில் கிளிக் எண்ணி ஒரு டோஸை இரண்டாகப் பிரிப்பது, நாலு டோஸ் முடிந்தபின் மிச்சம் தெரியும் மருந்தைச் சிரிஞ்சால் உறிஞ்சுவது இரண்டும் வேண்டாம். அந்த மிச்சம் கணக்கில் வந்த மிச்சம்தான், அதை எறிந்துவிட வேண்டும். கழற்றிய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நிறைந்ததும் கிளினிக்கில் கொடுங்கள். தூய்மைப் பணியாளர் கையில் குத்தக் கூடாது.

எந்த நாள் போடுவது? குமட்டல் பெரும்பாலும் ஊசி போட்ட முதல் ஓரிரு நாளில்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கறியை விட முடியாது என்றால் திங்கள் இரவு போடுங்கள். சனிக்கிழமை போட்டுவிட்டு மறுநாள் கிடா விருந்துக்கு அழகர்கோவில் போனால் பந்தியில் பாதியில் எழ வேண்டிவரும்.

மதுரை வெயிலும் ஃப்ரிட்ஜும்

திறக்காத பென் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்த வீகோவி பென் 30 டிகிரிக்குக் கீழே 6 வாரம் தாங்கும், மௌஞ்சாரோவின் பென்னான க்விக்பென் 30 நாள். ஒரே டோஸ் உள்ள மௌஞ்சாரோ குப்பி, திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜுக்கு வெளியே 21 நாள். "ரூம் டெம்பரேச்சர்" என்பது 30-க்குக் கீழே என்பதைக் கவனியுங்கள். சித்திரை மாதம் நம் மாடி வீட்டு அறை பகலில் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஆகவே திறந்தபின்னும் ஃப்ரிட்ஜிலேயே வைப்பது நல்லது.

கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போது சூடாகும். ஃப்ரீசருக்கு நேர் கீழேயும் வேண்டாம். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகியபின் பார்க்கச் சரியாகத் தெரிந்தாலும் தூக்கி எறிய வேண்டியதுதான். நடுத் தட்டில் மல்லிகைப்பூ பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு மூடிய டப்பாவில் இருக்கட்டும். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க கரண்ட் போகும் நாளில் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தாலே போதும். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் நீண்ட நேரம் போகும் என்றால், இன்சுலினுக்குச் செய்வதுபோல் ஈர மணலில் பதித்த சிறு மண்பானைக்குள் நனையாமல் மூடி வைக்கலாம். பயணத்தில் ஐஸ் பேக் மருந்தை நேராகத் தொடாதபடி துணி சுற்ற வேண்டும். சென்னையிலிருந்து மே மாதம் பஸ் பார்சலில் பென் வரவழைப்பது பணத்தை வெயிலில் காயப் போடுவது போல.

ஃப்ரிட்ஜே இல்லை, விடுதி வாசம், மாதத்தில் பாதி நாள் லாரியில் என்றால் மாத்திரையின் பக்கம் சாய இது நியாயமான காரணம்.

வயிறு சொல்வதைக் கேட்பது

குமட்டல், மலச்சிக்கல், பேதி, அழுகிய முட்டை வாடையில் ஏப்பம் எல்லாம் மாத்திரைக்கும் ஊசிக்கும் பொது. "மாத்திரைன்னா சைடு எஃபெக்ட் கம்மி" என்பது தவறு. மாத்திரையில் ஒரே ஒரு வசதி, நிறுத்தினால் மறுநாள் டோஸ் சேராது. ஆனாலும் ஏற்கெனவே உடம்பில் சேர்ந்தது வடிய வாரங்கள் ஆகும்.

வயிறு மெதுவாகக் காலியாவதால் இரவு பத்து மணிக்குத் தின்ற முட்டைப் பரோட்டா காலையிலும் நெஞ்சில் நிற்கும். இரவு ஏழரைக்கு இரண்டு இட்லி, முதல் "போதும்" வந்ததும் கை கழுவுதல். ஜிகர்தண்டாவை நாலு பேர் பங்கிடலாம். குறைவாகச் சாப்பிடும்போது தசையும் கரையும் என்பதால் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லாத பெரும்பாலோருக்கு நாளுக்கு 60 முதல் 80 கிராம். முட்டைக்கு 6 கிராம், வெந்த கோழிக்கறி 100 கிராமில் சுமார் 27, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14. கூடவே வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி.

தாகமும் குறையும், அது கவனிக்காமல் போகும் ஆபத்து. வெயிலில் வேலை பார்ப்பவர்கள், நீர் பிரியும் பிபி மாத்திரை எடுப்பவர்கள் வாந்தி பேதி வந்தால் சிறுநீரகம் பாதிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்கு ஏறும் கடும் வலி, கண் மஞ்சளாதல், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காமை, திடீர்ப் பார்வைக் குறைவு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த டோஸ் இல்லை, நேரே அவசரப் பிரிவுக்கு. எந்த ஆபரேஷனுக்கும் முன்பு மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த ஊசியைச் சொல்லுங்கள். பட்டினி இருந்தாலும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம்.

மறந்துவிட்டால்

மாத்திரை என்றால் அன்றையதை விட்டுவிட்டு மறுநாள். மௌஞ்சாரோ என்றால் நாலு நாளுக்குள், ஒசெம்பிக் என்றால் ஐந்து நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். வீகோவிக்கு அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் போடலாம். இரட்டை டோஸ் ஒருபோதும் இல்லை. ஊருக்குப் போய் மூன்று வாரம் விட்டுப்போனால், நின்ற இடத்திலிருந்து தொடராமல் டாக்டரிடம் கேட்டுத் தேவையானால் கீழ்ப்படியிலிருந்து ஏறுங்கள்.

பணம்

மௌஞ்சாரோ வந்த புதிதில் 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375. மாதத்துக்கு நாலு குப்பி என்றால் 14,000-இலிருந்து 17,500. செமாக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். ஒரே மருந்து பல கம்பெனிப் பெயரில் வரும்போது விலை இறங்கும், போலியும் நுழையும். பில், பேட்ச் எண், காலாவதித் தேதி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாரா என்ற நாலையும் பாருங்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் கொடுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கணக்கை ஒரு மாதத்துக்குப் போடாமல் இரண்டு வருடத்துக்குப் போடுங்கள். செமாக்ளூடைடு ஊசியை நிறுத்தியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. நகையை அடகு வைத்து நாலு மாதம் ஊசி போட்டுவிட்டு நிறுத்துவதைவிட, தொடர்ந்து கட்டுப்படியாகும் ஒன்றை எடுப்பது மேல்.

மாத்திரையில் தொடங்கி ஊசிக்கு மாறவும் வழி இருக்கிறது. ரைபெல்சஸ் 14 மி.கி.யில் இருப்பவர் கடைசி மாத்திரைக்கு மறுநாளே ஒசெம்பிக் 0.5 மி.கி.யில் தொடங்கலாம், 0.25-க்கு இறங்க வேண்டியதில்லை. 0.5 மி.கி. ஊசியிலிருந்து மாத்திரைக்கு வருபவர் கடைசி ஊசிக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் 7 அல்லது 14 மி.கி. எடுக்கலாம். மாறிய பிறகு பட்டையில் மிஞ்சிய மாத்திரைகளை, வீணாகிறதே என்று ஊசியோடு சேர்த்துப் போட்டு முடிக்கக் கூடாது. இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து.